ஓடைக்கரைக்குக் குடிவந்த வெள்ளைப் பூ



இன்றைக்கு ஒரு களைச் செடியின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். களைக்கு என்ன வரலாறு, பிடுங்கி எறிந்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சில களைகளின் கதையைக் கேட்டால், ராஜாக்கள் கதை கூட அதற்கு ஈடாகாது. அவை கடல் தாண்டி வந்திருக்கின்றன, நாடு பிடித்திருக்கின்றன, தோற்றும் போயிருக்கின்றன.

நீலகிரி, கொடைக்கானல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் செடியை நேரில் தெரியும். பெயர்தான் தெரியாமல் இருக்கலாம். வெயில் அதிகம் விழாத ஓடைக்கரை, பாறை இடுக்கில் தண்ணீர் கசிகிற இடம், மலைப்பாதைக்காக மண்ணை வெட்டிய ஈரச் சரிவு, இப்படிப்பட்ட இடங்களில் முழங்கால் உயரத்துக்குப் படர்ந்து நிற்கும். தண்டு கொஞ்சம் சிவப்போடியிருக்கும். இலை ஒடுக்கமாக, நீளமாக, விளிம்பில் ரம்பப் பல் வைத்தது மாதிரி இருக்கும். பூக்கிற பருவத்தில் நுனியெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஓடையின் மேல் மூடுபனி படிந்த மாதிரி தெரியும். அதனால்தான் ஆங்கிலத்தில் இதை ‘மிஸ்ட் ஃபிளவர்’ என்கிறார்கள். நாம் மூடுபனிப் பூ என்று வைத்துக்கொள்வோம். இலங்கையின் மலைநாட்டிலும் இதே செடி நிறைய உண்டு.

இதன் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை அடுத்த மேற்கிந்தியத் தீவுகளும். 19ஆம் நூற்றாண்டில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ரெகல் என்ற தாவர அறிஞர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். அவர் வைத்த பெயரில் ‘ரிப்பேரியம்’ என்று ஒரு சொல் வரும். ஆற்றங்கரையில் வாழ்வது என்று அர்த்தம். 1970-ல் வேறு இரண்டு அறிஞர்கள் வகைப்பாட்டை மாற்றி ‘அஜெரட்டினா ரிப்பேரியா’ என்று ஆக்கினார்கள். குடும்பப் பெயர் மாறினாலும் கரையோரம் என்பது மட்டும் மாறவில்லை பாருங்கள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பணக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி வெளிநாட்டுச் செடிகளை வளர்ப்பது பெரிய மோகம். நிழலில் பூக்கிற செடி என்றால் இன்னும் மவுசு. அப்படி அழகுக்காக ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறிக் கைமாறி இது உலகம் சுற்றியது. ஒருவரும் களை என்று நினைத்துக் கொண்டுபோகவில்லை. ஆசையாகத்தான் கொண்டுபோனார்கள். களைகளில் பாதிக்கு மேல் இப்படித் தோட்டத்து வாசல் வழியாக வந்தவை என்பது என் அபிப்பிராயம். நம் ஊர் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் கூட அழகுக்கு வந்தவைதானே!

பசிபிக் கடலின் நடுவில் ஹவாய் என்று தீவுக்கூட்டம் இருக்கிறது. இன்று அமெரிக்காவின் ஒரு மாநிலம். எரிமலை கக்கிய மண், ஓயாத கடல் காற்று, மலையின் ஒரு பக்கம் கொட்டுகிற மழை. 1920-களின் நடுவில் இந்த மூடுபனிப் பூ அங்கே அலங்காரச் செடியாகப் போய்ச் சேர்ந்தது. பெரிய தீவில் ஹமாக்குவா என்று ஒரு மழைப் பகுதி. அங்கே வேரூன்றி, ஓடை வழியாக இறங்கி, மேய்ச்சல் நிலங்களுக்குள் புகுந்தது. ஊர் மக்கள் இதற்கு ‘ஹமாக்குவா பாமக்கானி’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் ‘பா’ என்றால் வீசுவது, ‘மக்கானி’ என்றால் காற்று. காற்றில் வீசிப் போகிற செடி.

பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். இதன் விதை மிளகில் நூற்றில் ஒரு பங்கு கூட வராது. அதன் தலையில் பஞ்சு மாதிரி வெள்ளை மயிர். காற்று வந்தால் பறக்கும், தண்ணீர் வந்தால் மிதக்கும், சேறாக இருந்தால் மாட்டுக் குளம்பிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். விதை போதாதென்று தண்டு சாய்ந்து ஈர மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் கணுவில் வேர் விடும். வெள்ளத்தில் ஒரு துண்டு அடித்துக்கொண்டு போனால் கீழே ஒதுங்குகிற இடத்தில் ஒரு புதுக் குடும்பம். இன்னொன்றும் உண்டு. மகரந்தச் சேர்க்கை நடக்காமலே இது விதை பிடிக்கும். தேனீ வேண்டாம், ஜோடிச் செடி வேண்டாம். தன்னந்தனியாக ஒரே ஒரு செடி வந்தாலும் போதும்.

இதற்கு ஓர் அக்காவும் உண்டு. ‘அஜெரட்டினா அடினோஃபோரா’ என்று பெயர். ஆள் உயரம் வளரும். இலை அகலமாக, கொத்தனார் கரண்டி மாதிரி இருக்கும். அதுவும் மெக்சிகோ நாட்டுச் சரக்குதான். ஆஸ்திரேலியாவில் அதற்குக் ‘குரோஃப்டன் களை’ என்று பெயர். நேபாளத்தில் ‘பன்மாரா’ என்கிறார்கள், காட்டைக் கொல்வது என்று பொருள். ஹவாயில் மாவி என்ற தீவைப் பிடித்ததால் ‘மாவி பாமக்கானி’. நம் நீலகிரியில் சாலையோரமெல்லாம் நிற்பது பெரும்பாலும் இந்த அக்காதான்.

இந்தச் செடிகளால் நஷ்டம் என்ன? முதல் நஷ்டம் புல். நெருக்கமாகப் படர்ந்து தரையை மூடிவிட்டால் அடியில் புல் முளைக்காது, மரக்கன்றும் தலையெடுக்காது. மாடு இதை விரும்பித் தின்பதில்லை. மாடு புல்லை மட்டும் பொறுக்கித் தின்னத் தின்ன, களைக்குப் போட்டி குறைந்து இன்னும் கொழுக்கும். அதாவது மேய்க்க மேய்க்கக் களை கூடும். குதிரை விஷயம் இன்னும் மோசம். குதிரைகள் அக்கா செடியைத் தின்று, நுரையீரல் கெட்டு, மூச்சு வாங்கி, கடைசியில் ஓடும்போதே விழுந்து செத்தன. ஆஸ்திரேலியாவில் அந்த நோய்க்கு ‘நுமின்பா குதிரை நோய்’ என்று பள்ளத்தாக்கின் பெயரையே வைத்தார்கள். தங்கையும் சளைத்தவள் இல்லை. மூடுபனிப் பூவைத் தின்ற குதிரைக்கும் நுரையீரல் புண்படும் என்று 1984-ல் அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்தே எழுதினார்கள்.

“பிடுங்கிப் போட்டால் போகாதா?” என்று கேட்பீர்கள். ஒரு வரப்பு, ஒரு வாய்க்கால் என்றால் போகும். நூற்றுக்கணக்கான ஏக்கர் மலைச்சரிவில் யார் போய்ப் பிடுங்குவது? கூலி கொடுத்துக் கட்டுப்படியாகுமா? மருந்து அடிக்கலாம் என்றால் ஓடைக்கரையில் அடிக்கிற களைக்கொல்லி நேரே தண்ணீருக்குத்தான் போகும். அந்தத் தண்ணீரைக் கீழே மனிதனும் மாடும் குடிக்க வேண்டும். அதுவும் ஒரு முறை அடித்தால் தீராது, விதை மண்ணில் காத்திருக்கும். எத்தனை நாளைக்கு அடிப்பது?

அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. மெக்சிகோவில் இது ஏன் ஊரைப் பிடிக்கவில்லை? அங்கேயும் மழை உண்டு, ஓடை உண்டு. ஆனால் அங்கே அதைத் தின்கிற பூச்சி உண்டு, அதற்கு வருகிற நோய் உண்டு. கடல் தாண்டும்போது செடி மட்டும் வந்தது, எதிரிகள் பின்தங்கிவிட்டன. எதிரி இல்லாத ஊரில் யாரும் ராஜாதான். அப்படியானால் அந்த எதிரியைத் தேடிப்போய்க் கொண்டுவந்தால் என்ன?

இந்த யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பதையும் நடுவில் சொல்லிவிடுகிறேன். 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சிவப்புச் சாயம் எடுக்கிற பூச்சி என்று நினைத்து, பிரேசிலில் இருந்து ஒரு கள்ளிப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு ஜாதிப் பூச்சி. சாயம் தேறவில்லை, ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைச் சப்பாத்திக் கள்ளியைத் தின்று தீர்த்தது. பிற்பாடு 1926-ல் வேறொரு வகைக் கள்ளியை ஒழிக்க, இன்னொரு ஜாதிப் பூச்சியை இலங்கையில் இருந்து வரவழைத்து திருநெல்வேலிப் பக்கம் விட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் கள்ளிக்காடாகக் கிடந்த நிலங்கள் வெளுத்தன. இன்று வேலியோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கள்ளி நிற்கிறதென்றால், மிச்சத்தைத் தின்றது அந்த வெள்ளைப் பஞ்சுப் பூச்சிதான்.

ஹவாய்க்காரர்கள் முதலில் அக்கா மேல் கை வைத்தார்கள். 1945-ல் மெக்சிகோவில் இருந்து ஒரு சின்ன ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஈ தண்டின் நுனியில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்க் குடையும். தண்டு அந்த இடத்தில் கழலை மாதிரி வீங்கும். செடியின் சத்தெல்லாம் அந்த வீக்கத்துக்குப் போய்விடும், வளர்ச்சி குன்றும். ஓரளவு காய்ந்த பகுதிகளில் இது நல்ல பலன் கொடுத்தது. மழை கொட்டுகிற இடங்களில் அவ்வளவாக எடுபடவில்லை. அதே ஈயை ஆஸ்திரேலியா 1952-லும், நியூசிலாந்து 1958-லும் வாங்கிக்கொண்டன.

நம் நாட்டுக்கும் அது வந்தது. 1963-ல் நியூசிலாந்தில் இருந்து தருவித்து நீலகிரியில் விட்டார்கள். ஈ பிழைத்தது, பரவியது, இன்றும் அக்கா செடியின் தண்டில் அந்த வீக்கத்தைப் பார்க்கலாம். ஆனால் செடி ஒழியவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். நம் ஊர்க் குளவிகள் இருக்கின்றனவே, அவை அந்த வீக்கத்துக்குள் இருக்கிற புழுவைக் கண்டுபிடித்து அதன் மேல் முட்டை வைக்கப் பழகிக்கொண்டன. களையைத் தின்ன வந்தவனை நம் குளவி தின்றது! ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். எதிரிக்கு எதிரி எல்லா ஊரிலும் உண்டு.

தங்கைக்கு வருவோம். 1970-களில் ஹவாயில் இவளுக்காகத் தனியாக எதிரி தேடினார்கள். மெக்சிகோவில் இருந்து ஒரு சிறு அந்துப்பூச்சியும், வீக்கம் உண்டாக்குகிற வேறொரு ஈயும் வந்தன. ஆனால் பெரிய வேலை செய்தது பூச்சி அல்ல, ஒரு பூஞ்சாணம். ஜமைக்கா தீவில் இந்தச் செடியின் இலையில் ஒரு நோய் இருப்பது தெரிந்து அதை எடுத்து வந்தார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் தாவர நோய் நிபுணராக இருந்த எடுவர்டோ ட்ருஹியோ என்பவர் அதைச் சோதித்து, 1970-களின் நடுவில் களைக்காட்டில் விட்டார்.

அந்த நோய் எப்படி வேலை செய்கிறதென்று கேளுங்கள். இலையின் அடிப்பக்கத்தில் மாவு தூவிய மாதிரி வெள்ளையாகப் படரும், பார்ப்பதற்குச் சாம்பல் நோய் மாதிரி. மேல்பக்கத்தில் பழுப்புப் புள்ளி விழும். இலை காய்ந்து உதிரும். செடி மறுபடி துளிர்க்கும், மறுபடி நோய் பிடிக்கும். துளிர்த்துத் துளிர்த்தே களைத்துப்போய்ச் செத்துவிடும். இதை ‘வெண்பூட்டை’ என்றே சொல்லலாம். நம் சோளக் கதிரில் வருகிற கரிப்பூட்டைக்குத் தூரத்துச் சொந்தம்.

இந்தப் பூஞ்சாணத்தின் வித்து முளைக்க ஈரம் வேண்டும், குளிர்ச்சி வேண்டும், வெயில் சுட்டெரிக்கக் கூடாது. அந்த இடம் எது? நிழலான ஓடைக்கரைதான்! எந்தக் குளிர்ச்சியை நம்பி அந்தச் செடி குடியேறியதோ அதே குளிர்ச்சி அதற்கு எமனாயிற்று. குளிர்ந்த, மழை மிகுந்த பகுதிகளில் எட்டு மாதத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் களை போய்விட்டது என்று ட்ருஹியோ 1985-ல் எழுதினார். மழை குறைந்த பகுதிகளில் சில வருஷங்கள் பிடித்தன. பத்து வருஷத்துக்குள் 50,000 ஹெக்டேருக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 1,25,000 ஏக்கர் மேய்ச்சல் நிலம் மீண்டது. மருந்துச் செலவு இல்லை, ஆள் கூலி இல்லை.

ஒரு வேடிக்கை. விடும்போது அந்தப் பூஞ்சாணத்தின் சரியான பெயர் கூடத் தெரியாது. வேறொரு இனம் என்று நினைத்திருந்தார்கள். 1988-ல்தான் பாரெட்டோ, எவான்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைத் தனி இனம் என்று கண்டு ‘என்டைலோமா அஜெரட்டினே’ என்று பெயரிட்டார்கள். ஆள் வேலையை முடித்த பிறகு பெயர்ப் பதிவு!

சரி, ஒரு நியாயமான பயம் உங்களுக்கு வரும், வர வேண்டும். வெளிநாட்டு நோயைக் கொண்டுவந்து விடுகிறார்களே, நாளைக்கு அது நம் பயிர் மேல் பாய்ந்தால்? பூச்சியையும் பூஞ்சாணத்தையும் அவிழ்த்து விடலாம், திரும்பக் கட்டிப்போட முடியாது. மூடுபனிப் பூ எந்தக் குடும்பம் தெரியுமா? சூரியகாந்திக் குடும்பம். சாமந்தியும் குசும்பாவும் அதே குடும்பம்தான். ஆகவே சொந்தக்காரச் செடிகளை ஒவ்வொன்றாக வைத்து, அவற்றின் மேல் நோயைத் தூவி, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். இன்று பல நாடுகளில் இது சட்டம். நம் நாட்டில் 1914-ம் வருஷத்துச் சட்டமும், அதன் கீழ் வந்த 2003-ம் வருஷத்து ஆணையும் அனுமதி இல்லாமல் எந்தப் பூச்சியையும் நோயையும் உள்ளே விடாது. யாராவது பையில் போட்டுக் கொண்டுவந்து “இது களையைத் தின்னும், விட்டுப் பாருங்க” என்றால் வாங்காதீர்கள்.

நியூசிலாந்துக்காரர்கள் இந்த விஷயத்தில் நிதானமானவர்கள். அங்கே மூடுபனிப் பூ 1930-களின் தொடக்கத்திலேயே காட்டில் பரவியிருந்தது. ஆக்லாந்து நகருக்கு மேற்கே வைட்டாகெரே என்று ஒரு மலைத்தொடர். அதன் ஓடைகளில் இது அடைத்துக்கொண்டது. அந்த மலையில் மட்டும் வளர்கிற ஒரு குறுஞ்செடி இருக்கிறது, ‘ஹீபி’ இனத்தைச் சேர்ந்தது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஈரமான பாறைச் சுவர்தான் அதற்கு இடம், மூடுபனிப் பூவுக்கும் அதே இடம்தான் பிடிக்கும். மாட்டுக்கு ஒரு மேய்ச்சல் போனால் இன்னொரு மேய்ச்சல். இந்தச் செடி அங்கே போனால் போனதுதான்.

உள்நாட்டுச் செடிகளில் சோதனை நடத்திப் பார்த்துவிட்டு, 1998 நவம்பரில் ஹவாயில் இருந்து வந்த பூஞ்சாணத்தை விட்டார்கள். 2001-ல் ஈயையும் விட்டார்கள். இரண்டே வருஷத்தில் பூஞ்சாணம் விட்ட இடத்தில் இருந்து 80 கிலோமீட்டர் தாண்டிப் போய்விட்டது. காற்று கொண்டுபோயிற்று. செடியை எந்தக் காற்று பரப்பியதோ அதே காற்று. அவர்கள் சும்மா விட்டுவிட்டுப் போகவில்லை. இடத்தைக் குறித்து வைத்து, வருஷா வருஷம் போய், தரையில் எவ்வளவு பங்கு களை மூடியிருக்கிறது என்று அளந்தார்கள். களை அடர்ந்த இடங்களில் முதலில் நூற்றுக்கு 81 பங்கு. ஐந்து வருஷம் கழித்து ஒன்றரைப் பங்கு!

அவர்கள் இன்னொன்றையும் அளந்தார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. களை செத்த இடத்தில் என்ன முளைத்தது? ஒரு களை போனால் அந்த வெற்றிடத்தில் அதைவிடப் பொல்லாத களை வந்து உட்காருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கோரை போனால் அருகு வரும் கதை. ஆனால் அங்கே சொந்த நாட்டுச் செடிகள் கூடின. வெளிநாட்டுக் களைகள் அப்படி ஒன்றும் பெருகவில்லை. பூஞ்சாணம் களையைப் படிப்படியாகக் குறைத்ததால், பக்கத்துச் செடிகள் இடம் பிடிக்க நேரம் கிடைத்தது என்று நினைக்கிறேன். மண்வெட்டியால் ஒரே நாளில் வழித்தெடுத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் 2010-ல் யாரும் அனுமதி வாங்கி விடாமலே இந்த வெண்பூட்டை குவீன்ஸ்லாந்து மலைகளில் தென்பட்டது. பூஞ்சாண வித்துக்குக் கடலும் ஒரு வாய்க்கால்தான் போலிருக்கிறது.

இனி மலையோரத்து விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பூஞ்சாணம் தங்கைக்கு மட்டும்தான் மருந்து, அக்காவுக்கு அல்ல. ஆகவே முதலில் எது எது என்று அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். ஆள் உயரம், அகல இலை என்றால் அக்கா. முழங்கால் உயரம், ஒடுங்கிய நீள இலை, படர்ந்த தண்டு என்றால் தங்கை. உங்கள் நிலத்தை ஒட்டிய ஓடையில் இன்னும் பத்துச் செடியாக, இருபது செடியாக இருக்கிறபோதே கை வையுங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ வருவதற்கு முன்னால், வேரோடு இழுத்தால் சுலபமாக வரும். வேலையை மேலே இருந்து கீழே செய்யுங்கள். கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே விட்டுவைத்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் விதையைக் கொண்டுவந்து சேர்க்கும். பிடுங்கினதை ஓடையில் தள்ளாதீர்கள், ஈரத் தரையில் குவிக்கவும் வேண்டாம், கணுவில் வேர் விட்டுவிடும். வெயில் படுகிற பாறை மேல் பரப்பிக் காயவிட்டுக் கொளுத்துங்கள். குதிரையோ கழுதையோ வைத்திருப்பவர்கள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கட்ட வேண்டாம். பிடுங்கிய கரையை மொட்டையாகவும் விடக்கூடாது, அடுத்த வெள்ளத்தில் மண் போய்விடும். அதே வாரத்தில் பக்கத்தில் இருந்து புல் கரணை எடுத்து ஒரு சாண் இடைவெளியில் நட்டுவிடுங்கள்.